ஒரு துண்டு பப்பாளிக்காய்

நான் சுந்தரபாண்டியத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவருக்கு நூல் மில்லில் வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும்தான். கணவருக்கு ஒரே ஒரு தங்கை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு ஒரு வருடம் முன்பே அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அது மாமியார் இல்லாத வீடு. மாமனார், மாப்பிள்ளை, தொழுவத்தில் நாலு மாடுகள். கறக்கிற பாலில் வீட்டுக்கு ஒரு செம்பு எடுத்துக்கொண்டு, மீதி அத்தனையும் பால்கோவா கிண்டுகிற இடத்துக்குப் போய்விடும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கல். எனக்கு அது தலைப்பொங்கல். நாத்தனாருக்கு அப்போது ஐந்தாம் மாதம். மாட்டுப் பொங்கலை அவள் தன் வீட்டில் முடித்துவிட்டு, மறுநாள் காலையில் கணவரோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அந்த ஒரு நாளுக்காக என் மாமியார் ஒரு வாரமாகவே தயாரானார். பிள்ளைத்தாச்சி சாப்பிட வருகிறாள் என்றால் எதெல்லாம் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு பெரிய கணக்கு உண்டு. எள் போட்ட பலகாரம் கூடாது. அன்னாசிப் பழம் கண்ணில் படக் கூடாது. கருவாட்டுப் பானையைப் பரணில் ஏற்றி, அதன் மேல் சாக்கைப் போட்டு மூடினார். கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தில் பழுத்திருந்த இரண்டு பழங்களையும் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். காய்கள் மட்டும் மரத்தில் இருந்தன.

விருந்தன்று கறி எடுக்கக் காலையிலேயே போன என் கணவர் நேரங்கழித்துத்தான் வந்தார். கடையில் கூட்டம். கிடைத்தது கிழட்டு ஆட்டின் கறி. நான் மிளகாய் அரைத்து, வதக்கி, அடுப்பில் ஏற்றி ஒரு மணி நேரமாகியும் கறி ரப்பர் மாதிரி கிடந்தது. புகைந்துகொண்டே இருந்த விறகை ஊதி ஊதி என் கண்களில் நீர் வழிந்தது. மாமியார் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தார். பஸ் வருகிற நேரம். கல்யாணம் ஆகி ஆறு மாதம்கூட ஆகாதவள் நான். கறி வேகவில்லை என்று பேர் வாங்கினால் அது எத்தனை பொங்கலுக்கு ஓடும் என்று பயந்தேன். என் பிறந்த வீட்டில் அம்மா முற்றின கறிக்கு ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவார். நானும் கொல்லைக்குப் போய் ஒரு காயைக் கீறி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்துக் குழம்பில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் கறி பஞ்சாக வெந்துவிட்டது. துண்டும் குழம்போடு கரைந்துபோனது.

பிள்ளைத்தாச்சி ஒருத்தி அதைச் சாப்பிடப் போகிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பழத்தைத்தான் ஆகாது என்பார்கள், ஒரு துண்டுக் காய், அதுவும் கொதிக்கிற குழம்பில் என்ன செய்துவிடும் என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

நாத்தனார் வந்து இறங்கியபோது முகம் வாடியிருந்தது. மார்கழிக் கடைசியிலிருந்தே சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாள்.

"பஸ்ல குலுங்கி வந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்றார் மாமியார். கண் பட்டிருக்கும் என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். "என்னட்டி சாப்பிடுதே அங்க? பொம்பள இல்லாத வீட்டுல உன்னய யாரு கவனிக்கா?"

"அதெல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிடுதாவ. அவியளே காலைல கறந்ததும் ஒரு தம்ளர் கொண்டாந்து கையில குடுத்திருவாவ. காய்ச்சக் கூட விடமாட்டாவ. நொரையோட குடிச்சாத்தான் சத்தாம். நேத்து மாட்டுப் பொங்கலுக்கு, பால் கடைக்குப் போகலேன்னு ரெண்டு செம்பு குடிச்சேன்."

மாமியாருக்கு முகம் மலர்ந்தது. "மாப்ளைக்கு எம்புட்டு கரிசனம் பாத்தியா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்று நாத்தனார் மூன்று முறை கறி வாங்கிச் சாப்பிட்டாள். "மதினி, பல்லே வேண்டாம் போல. எப்படி இப்படி வேக வச்சீய?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்தார். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார். "அத்த, கொற விழுந்துருச்சு" என்றார். கலைந்தது ஆண் பிள்ளையாம்.

நானும் மாமியாரும் பஸ் பிடித்துப் போனோம். ஆஸ்பத்திரியில் நாத்தனார் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், காய்ச்சல் அனலாக அடித்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நான் என்னம்மா தின்னேன்? என்னத்த தின்னேன்?"

மாமியார் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பொங்கலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். கரும்பு கடித்தாள். பனங்கிழங்கு தின்றாள். அவள் சொல்லச் சொல்ல மாமியார், "அது ஒண்ணும் செய்யாது, அது ஒண்ணும் செய்யாது" என்று ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தார்கள். சோறு, ரசம், முட்டை, கறிக்குழம்பு.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"கொழம்புல ஒரு துண்டு பப்பாளிக்கா போட்டேன், அத்த. கறி வேகலைன்னு."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தன் வயிற்றிலேயே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொன்னார். அந்த வார்டு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மா வந்து, "காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குத்தான் காரணம் கிடைத்துவிட்டதே.

மறு வாரம் மாமியார் ஆள் விட்டுப் பப்பாளி மரத்தை வெட்டிப் போட்டார். வெட்டுகிற சத்தத்தை நான் அடுக்களையில் உட்கார்ந்து கேட்டேன். என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து, வெட்டிக் கிடந்த மரத்தைப் பார்த்தார். "போட்டதுதான் போட்ட. சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றார். இந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அதற்குப் பிறகு எந்த நல்ல நாளானாலும் என் கை ஒரு எல்லைக்கு மேல் போகாது. தீபாவளிக்கு மாவு அரைப்பேன், பாத்திரம் கழுவுவேன், கோலம் போடுவேன். விருந்தாளிகளில் யாராவது பிள்ளைத்தாச்சி இருந்தால், பந்தியில் மாமியார் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்வார். சத்தமாக ஒன்றும் சொல்ல மாட்டார். வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். தெருவில் வளைகாப்பு என்றால் அவர் மட்டும் போய்வருவார். ஐந்து வகைச் சோற்றில் எனக்கும் ஒரு பொட்டலம் வரும். அந்தச் சபையில் எங்கள் வீட்டுப் பப்பாளிக்காய் கதையை அவர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் குழாயடியில் அந்தப் பெண்களின் முகமே சொல்லிவிடும்.

நானும் அதை நம்பினேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என்னை அநியாயமாகச் சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. காய்கறி நறுக்கும்போது என் விரலைப் பார்ப்பேன். இவ்வளவு நீளந்தானே போட்டோம் என்று தோன்றும். பிறகு, ஐந்து மாதப் பிள்ளைக்கு அது போதும்தானே என்று தோன்றும்.

இரண்டு வருடம் கழித்து நாத்தனாருக்கு மறுபடியும் கரு கலைந்தது. இந்த முறை நாலாம் மாதம். உண்டானது தெரிந்ததிலிருந்து அவள் ராஜபாளையத்துக்கே வரவில்லை. எங்கள் வீட்டுப் பருக்கை ஒன்று கூட அவள் வாயில் படவில்லை. அப்போதாவது மாமியார் யோசிப்பார் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. அவர் சொன்னது வேறு. "அன்னைக்குப் போன சூடு இன்னும் அவ கர்ப்பப்பைய விட்டுப் போகல."

எனக்கு மூன்று வருடம் ஒன்றும் தங்கவில்லை. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டார்கள். நாலாம் வருடம் உண்டானேன். அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஆறாம் மாதம். பயத்தில் நான் எதையும் தொடவில்லை. அதிரசத்தைப் பிய்த்துப் பார்த்து எள் இருக்கிறதா என்று தேடினேன். மாமியார் செய்ததைச் சாப்பிடவும் பயம், சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒரு பேச்சு வருமோ என்றும் பயம். வெறும் இட்லியும் சீனியும் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

அன்று காலையிலேயே நாத்தனார் வந்தாள். நாலு வருடத்தில் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதித்தது அதுதான் இரண்டாவது முறை. கையில் ஒரு தூக்குச்சட்டி. நேராக அடுக்களைக்கு வந்து என் முன்னால் வைத்தாள்.

"மதினி, ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன். விடியக் கறந்தது. செத்த நேரம் போனா திரிஞ்சிரும், இப்பவே குடிங்க."

"காய்ச்சித் தாரேன்" என்றார் மாமியார்.

"வேண்டாம்மா. காய்ச்சுனா சத்து போயிரும்னு அவிய சொல்லுவாவ."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்களுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு பிள்ளைகளை இழந்தவள், அதற்குக் காரணம் நான்தான் என்று நம்பிக்கொண்டே என் வயிற்றுப் பிள்ளைக்குப் பால் கொண்டுவந்திருக்கிறாள். எனக்குப் பச்சைப் பால் பழக்கம் இல்லை. மணமே குமட்டியது. ஆனால் வேண்டாம் என்று நான் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நீ ஏதாவது செய்துவிடுவாய் என்று பயப்படுகிறேன் என்றுதானே அர்த்தம். தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு என் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். தொடவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாசியில் பெண் பிறந்தாள். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று கறந்தது எந்த மாட்டின் பாலோ.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் உண்மை வந்தது. அது மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. அந்த வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மாடுகள் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று சினை கலைந்து கன்று வீசின. முன்பும் அப்படி ஒன்றிரண்டு நடந்திருந்தது. மாடு வழுக்கியிருக்கும், முட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இந்த முறை மாமனார் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் மாடுகளின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று வீட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டாராம்.

"இந்த வீட்டுல யாருக்காச்சும் விட்டு விட்டுக் காய்ச்சல் வருதா?"

மாப்பிள்ளைக்கு இரண்டு வருடமாக வருகிறது. முழங்கால் வீங்கும், டைபாய்டு என்று மாத்திரை தின்பார், போகும், திரும்ப வரும்.

"பொம்பளைகளுக்குக் கொற ஏதும் விழுந்திருக்கா?"

கதவுக்குப் பின்னால் நின்ற நாத்தனார் வெளியே வந்துவிட்டாள்.

"பாலக் காய்ச்சாம குடிக்கிறீங்களா?"

இது கன்று வீச்சு நோய், மாட்டுக்கு வந்தால் பாலில் இறங்கும், பச்சையாகக் குடிக்கிறவர்களுக்குத் தொற்றும் என்று அவர் சொன்னார். உடனே மதுரைக்குப் போய் நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றார். போனார்கள். இருவர் ரத்தத்திலும் இருந்தது. ஆறு வாரம் மாத்திரையும் ஊசியும்.

நாத்தனார் இதையெல்லாம் எங்கள் அடுக்களையில், தரையில் உட்கார்ந்து சொன்னாள். நான் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்க டாக்டர்ட்ட பப்பாளிக்கா சமாச்சாரத்தையும் சொன்னேன், மதினி. கொதிச்ச கொழம்புல ஒரு துண்டு என்னம்மா செய்யும்னுட்டாரு. ரெண்டாவது போனது இந்த நோயாத்தான் இருக்கும்னாரு. மொதல்ல போனது ரொம்ப வருசமாச்சு, அப்ப ரத்தமும் எடுத்துப் பாக்கலையே, அதனால சத்தியம் பண்ண முடியாதாம். ஆனா அதும் இதாத்தான் இருக்கும்னு சொன்னாரு."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. என் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தத் தீபாவளித் தம்ளர் நினைவுக்கு வந்தது, எழுந்து போய் அவளைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டேன். நாத்தனாருக்கும் அது நினைவில் இருந்தது. "ஒங்களுக்கும் கொண்டாந்து குடுத்தேனே" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட அழாதவள்.

"அவியளுக்குத்தான் தாங்க முடியல" என்றாள் பிறகு. "என் கையாலயே குடுத்தேனேன்னு சொல்லிச் சொல்லித் தலையில அடிச்சுக்கிடுதாவ. கடைக்குப் போன பாலெல்லாம் அம்புட்டு நேரம் கொதிச்சுச்சு, ஊருக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுக்காரிக்குன்னு ஆசையா எடுத்து வச்சதுதான் இப்படி ஆயிருச்சு."

மாடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். விற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மாமனார் தூரத்துச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டு வந்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த மாடுகள் எந்த வீட்டுத் தொழுவத்துக்குப் போயினவோ, அந்த வீட்டில் யாருக்குக் கறந்து கொடுத்தார்களோ தெரியாது.

கூடத்தில் உட்கார்ந்து மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பாலும் ஒரு காரணமா இருக்கும். பப்பாளியும் சேந்துதான்" என்றார். டாக்டர் சத்தியம் பண்ண முடியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். அதை விட்டால் அவருக்கு வேறு பிடி இல்லை. மருமகன் கையில் கொடுத்ததைப் பெருமையாகக் கேட்டுச் சிரித்தது அவர்தானே.

நாத்தனாருக்கு அதற்குப் பிறகு உண்டாகவே இல்லை. இரண்டு வருடம் மதுரைக்கு நடந்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மம்சாபுரத்தில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. பொங்கல் கழிந்த வாரம். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். பிள்ளை இல்லாதவள் என்று யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று நாத்தனார் ஓரமாக, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வளையல் போட்டு முடித்து இலை விரித்ததும், மாமியார் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். "எங்க போனாலும் என்ன போட்டிருக்குன்னு கேட்டுத் தின்னு, தாயி. எங்க வீட்டுல இப்படித்தான் ஒரு பொங்கலுக்குக் கறியில பப்பாளிக்காயப் போட்டு…"

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

"அது பப்பாளி இல்ல" என்றாள் நாத்தனார்.

சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் பந்தி முழுக்கக் கேட்டது.

"அது நான் குடிச்ச பச்சப் பாலு. மாட்டுக்கு நோவு. எனக்கும் வந்துச்சு. ரெண்டும் அதுலதான் போச்சு." அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "நீ பப்பாளி திங்காம இரு, அது ஒன் இஷ்டம். பால மட்டும் காய்ச்சாம குடிக்காத."

அந்தப் பெண்ணின் அம்மா பாயசம் கொண்டுவந்து ஊற்றினார். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். நான் ஜன்னல் ஓரம். வெகுதூரம் வந்த பிறகு மாமியார், "சபைக்கு முன்னால என்னயப் பொய்காரி ஆக்கிட்ட" என்றார்.

"நம்ம மதினிய இத்தன வருசமா கொலகாரி ஆக்கி வச்சிருந்தோம்லா" என்றாள் நாத்தனார்.

வச்சிருந்தோம் என்று அவள் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று இருந்தேன். வரவில்லை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தார்.

அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் என் முன்னால் சொன்னதில்லை. நான் இல்லாத இடங்களில் சொன்னாரா, சொன்னார் என்றால் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்டதில்லை.